குப்பாத்தாளின் பிறந்த வீடு

நல்லிமடைப்புதூரில் இன்றைக்கும் யாராவது "குப்பைமேடு கல்யாணத்துக்கு வந்த வருஷம்" என்று பேச்சை எடுத்தால், கேட்கிறவர்கள் மேடு எப்படி வந்தது என்று கேட்க மாட்டார்கள். பந்தியில் என்ன போட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் முகம் எப்படி இருந்தது, வீதியில் யார் வீட்டுச் சுவர் தப்பித்தது என்றுதான் கேட்பார்கள். வருகிறவர்கள் எதற்கு, எப்படி வருகிறார்கள் என்பது வருகிறவர்கள் பாடு, வந்தவர்களை நாம் எப்படிக் கவனித்தோம் என்பதுதான் நம்முடைய பாடு என்று நினைக்கிற ஊர் அது. கதையும் அந்த வழியில்தான் போகும்.

முதலில் பார்த்தது பால்காரர் கிட்டுசாமி. ஊருக்கு மேற்கே கம்பிவேலிக்குள், பூட்டின இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம், ஊர் தின்று கழித்ததையும் உடுத்திக் கிழித்ததையும் வாங்கி அலுத்ததையும் சுமந்துகொண்டு வருஷம் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும் மேடு, அன்றைக்குக் காலையில் கேட்டைத் திறக்காமலும் வேலியைச் சாய்க்காமலும் வெளியே வந்து தார்ரோட்டு ஓரமாக நின்றது. கிட்டுசாமி வண்டியை நிறுத்தி, ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பால் புளித்துப் போகுமே என்று கிளம்பி வந்து டீக்கடையில் சொன்னார்.

"மேடு கேட்டுக்கு வெளியில நிக்குதுங்க."

டீக்கடை நாச்சிமுத்து, "உங்களுக்குச் சக்கரை போடறதா, வேண்டாமா?" என்று கேட்டார்.

பேரூராட்சியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்தார். அவர் டேப்பைச் சுருட்டி முடிப்பதற்குள் மேடு வேப்பமரத்தைத் தாண்டிவிட்டபடியால் அளந்தது செல்லாமல் போயிற்று. குப்பை ஒரே இடத்தில் கிடந்தால் அது தன் துறை, நடந்தால் போக்குவரத்துத் துறை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கவுன்சிலர் ஆறுச்சாமி, மேடு எங்கேயும் நகரவில்லை, நடுவில் இருந்த மரங்களை வெட்டியதால் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது என்று விளக்கம் கொடுத்தார். மரங்களை வெட்டியவர் அவர்தான் என்பதால் அந்த விளக்கத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது. டவுன் பஸ் டிரைவர் மேட்டைச் சுற்றி வளைத்து ஓட்டினார், அந்த வளைவில் ஜனங்கள் ஏறி இறங்க ஆரம்பித்தார்கள், மேடு அங்கிருந்து நகர்ந்துபோன பிறகும் பஸ் பழக்கதோஷத்தில் வெறும் ரோட்டில் வளைந்துகொண்டுதான் போயிற்று. மேடு நடக்கிறதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து ஏதாவது ஒரு வேலையைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து, அடுப்பில் பால் பொங்குகிற நேரம், தறியில் அறுந்த இழையை முடிகிற நேரம், பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிற நேரம், அது சத்தமில்லாமல் ஓர் எட்டு எடுத்து வைத்தது.

மேட்டைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தது அந்த ஊரில் ஒரே ஒருத்தி. நூல்மில் வீதியில் விசைத்தறி வைத்திருந்த மாரப்பனின் சம்சாரம் கோகிலா. மகள் ஹரிணிக்கு ஆவணியில் கல்யாணம், வீட்டு வாசலிலேயே பந்தல் என்று முடிவாகியிருந்தது. பொதுவாகவே கோகிலாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. துடைத்த மேடையையே துடைப்பாள், காய்ந்த துணியை எடுத்து உதறி மறுபடியும் கொடியில் போடுவாள், சாப்பாட்டைக் கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். மேடு கிளம்பிய நாளிலிருந்து அந்த நடை ஓட்டமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மொட்டை மாடிக்கு, மாடியிலிருந்து மேற்கே ஒரு பார்வை, மறுபடியும் அடுப்படி. அது யாரைத் தேடி வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பேர் கோகிலா இல்லை. அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டதால், இந்தப் பிள்ளையாவது நிற்கட்டும் என்று, பிறந்த கையோடு அவளை ஒரு முறத்தில் வைத்துத் தோட்டத்து எருக்குழி மேட்டில், சாணத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் போட்டுவிட்டு, அம்மாக்காரி திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறாள். அப்புறம் அத்தைக்காரி போய், குப்பையில் கிடந்த பிள்ளை, வேணுமென்றால் தவிட்டுக்குத் தருகிறேன் என்று கூவ, அம்மாக்காரி அன்னியப் பிள்ளையை வாங்குவதுபோலத் தவிட்டைக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். சாவு வந்து கேட்டால், இது நான் பெற்றதில்லை, குப்பை பெற்றது என்று சொல்லிக்கொள்ளத்தான் அத்தனை நாடகமும். சாவும் நம்பிவிட்டது. குப்பையும் நம்பிவிட்டது என்பதைத்தான் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பிள்ளைக்குக் குப்பாத்தாள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வகுப்பைக் கூட்டுவதற்குக் கூட, "பேருக்கு ஏத்த வேலைதானே" என்று அவளைத்தான் எழுப்பிவிடுவார்கள். கல்யாணமாகி நூல்மில் வீதிக்கு வந்த அன்று, எதிர்வீட்டுப் பூங்கோதை எட்டிப் பார்த்து, "உன்ற பேரென்ன அம்மிணி?" என்று கேட்டபோது, அவள் வாய் அவளைக் கேட்காமலேயே "கோகிலாங்க்கா" என்று சொல்லிவிட்டது. மாரப்பன் அவளை "ஏம்மா" என்றே கூப்பிட்டுப் பழகியவன், அதனால் அவனுக்கு அதில் தொந்தரவில்லை. ஒரே ஒரு தொந்தரவு, அம்மா சீராகக் கொடுத்த பித்தளைச் சொம்பு. கழுத்தடியில் "குப்பாத்தாள்" என்று கொட்டை எழுத்தில் பேர் வெட்டியிருந்தது. பழைய பாத்திரக்காரனிடம் போட்டால் அவன் வாசலில் நின்று படிப்பான் என்று பயந்து, ஒரு கருப்புப் பையில் வைத்துக் கட்டி, முட்டை ஓட்டோடும் காய்த்தோலோடும் சேர்த்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

அதற்கு முன்னாலேயே அப்பாவும் அம்மாவும் காலமாகி, ஊருக்கு மேற்கே ஒதுங்கியிருந்த அவர்கள் தோட்டம் பேரூராட்சிக்கு விலையாகி, ஏற்கெனவே குப்பை கிடந்த இடம்தானே என்று ஊர்க் குப்பையை அந்த எருக்குழி மேட்டிலேயே கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். மேலே ஏறினது எவ்வளவோ, என்னென்னவோ. அடியில் இருந்தது அதே மேடு.

அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி, கோயமுத்தூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தாம்பூலத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க சம்பந்தி, உங்க பொறந்த ஊட்டுச் சீரு ஆருங்க கொண்டாறது? எங்க பக்கம் அது இல்லாம பொண்ணை மணையில உக்கார வெக்க மாட்டாங்க, அதுக்குத்தான் கேட்டனுங்க."

அத்தனை பேர் நடுவில், மொட்டையாக நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வாள். "என்ற பொறந்த ஊட்டுச் சீரு தானா வருமுங்க," என்றாள். "கொஞ்சம் தூரத்துல இருந்து வரோணும், அவ்வளவுதானுங்க."

மறுநாள் காலையில்தான் மேடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

பத்திரிகை அச்சாகி வந்தது. வழுவழுவென்ற அட்டை, பேர்களெல்லாம் தங்க முலாம் எழுத்தில், "மாரப்பன் – கோகிலா தம்பதியரின் மகள்" என்று மின்னியது. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தார்கள். அதற்கடுத்தது பொம்பளையின் பிறந்த வீட்டுக்கு வைப்பதுதான் முறை. கோகிலா அந்த இடத்தைத் தாண்டி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது மேடு அரிசி மில்லைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு பத்திரிகையாகக் கொடுத்துவிட்டு அவளும் மாரப்பனும் பைக்கில் வர வர, தன்னை விட்டுவிட்டு ஊரையெல்லாம் அழைக்கிறாளே என்கிற மாதிரி மேடு கிட்டே கிட்டே வந்தது. அதன் புழுங்கின வாடை முதலில் வீதிக்குள் வந்து, பிறகு வீட்டுக்குள் வந்து, கடைசியில் முகூர்த்தப் புடவை வைத்திருந்த பீரோவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

ராஜாமணி போனில் கூப்பிட்டார். "அந்தக் குப்பைமேடு உங்க வீதிக்குத்தான் வருதுன்னு பேசிக்கறாங்களே. எங்க பக்கம் ஒரு மண்டபம் காலியா இருக்குதுங்க. மாத்திக்கலாங்களா?"

மாரப்பனுக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. "மாத்திப்போடலாம், ஏம்மா. ஆரு கேக்கப் போறாங்க?"

"மாத்திட்டா அது எங்க போயி நிக்கும்?" என்றாள் கோகிலா.

"எதும்மா?"

அவள் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்தாள். பிறகு துணியை வைத்துவிட்டு, இருபக்கமும் பார்த்துவிட்டு, புருஷனிடமும் மகளிடமும் முறத்தையும் தவிட்டையும் சொன்னாள், வாசலில் தன் வாய் பேரை மாற்றிச் சொன்னதைச் சொன்னாள், சொம்பைச் சொன்னாள். மாரப்பன் எழுந்துபோய்த் தறியை நிறுத்திவிட்டு வந்தான். ஹரிணி மட்டும் சாதாரணமாக, "அப்ப அது அம்மிச்சி ஊடா? வாசல்ல வந்து பந்தலைக் காணாமத் திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள். தாயைப் பெற்றவளை அந்தப் பக்கத்தில் அம்மிச்சி என்பார்கள். அந்தச் சொல் அந்த வீட்டில் அதுவரை யாரையும் குறித்ததில்லை. கோகிலா எழுந்துபோய்ப் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

உச்சி வெயிலில், வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு அவள் வீதி வழியாக நடந்தாள். வெறுங்காலோடு போனாள். மேடு அப்போது ரேஷன் கடைக்குப் பக்கத்தில், ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நின்றது. கிழிந்த பைகள் அதன் மேலெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தன. அம்மா என்று கூப்பிட நினைத்தாள், வாய் வரவில்லை. யாருக்கும் சொல்கிற வார்த்தையையே சொன்னாள்: "என்ற பொண்ணுக்குக் கல்யாணமுங்க. நீங்க முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கோணும்." தட்டைக் கீழே வைத்தாள். படபடத்த பைகளெல்லாம் அடங்கின. வெற்றிலை முதலில் உள்ளே போயிற்று, பிறகு பாக்கு, பிறகு மஞ்சள். பத்திரிகையில் ஓரத்துத் தாளை மட்டும் மென்றுவிட்டு, வழுவழுப்பையும் தங்க எழுத்தையும் அது வெளியே தள்ளிவிட்டது.

ரேஷன் கடையில் வரிசையில் நின்ற பூங்கோதை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அதுக்கெதுக்கு அம்மிணி பத்திரிகை?"

"அது என்ற பொறந்த ஊடுங்க்கா. சின்னதுல என்னையக் குப்பையில போட்டுத் தவிட்டுக்கு வாங்குனாங்க."

"அதை முன்னாலயே சொல்றதில்லையா? நாங்க பாட்டுக்கு இத்தனை வருஷமா உங்கம்மா மேல எச்சில் எலையக் கொட்டிட்டு இருந்திருக்கறோம்," என்று பூங்கோதை உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அப்படிப் போட்டெடுத்த பெண்பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீதியில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான். நூல்மில் வீதி ஒரு டெம்போ போகிற அகலம். மாரப்பனுக்குச் சம்பந்தியம்மாவாகிவிட்ட மேடு இந்த உடம்போடு உள்ளே வந்தால் இரண்டு பக்கத்து வீடும் கூடவே கிளம்பிவிடும். வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றார் ஆறுச்சாமி. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சீர் கொண்டாறவங்களை ஆராச்சும் வர வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப என்னதாங்க பண்றது?"

"மெலியட்டும்," என்றாள் பார்சல் வாங்க வந்த பூங்கோதை. "மொதல்ல நாம திங்கக் குடுக்கறதை நிறுத்தோணும். அப்புறம் தின்னதுல செரிக்காததை எடுத்துப்போடோணும்."

இப்படித்தான் நல்லிமடைப்புதூர் குப்பை போடுவதை நிறுத்தியது. சுத்தம், சுகாதாரம், நாளைய தலைமுறை என்று எத்தனையோ வருஷமாக வண்டியில் மைக் வைத்துப் பாட்டுப் போட்டும் அசையாத ஜனம், சம்பந்தி தலையில் போய்க் கொட்டுவதா என்ற ஒரே வார்த்தைக்குக் கூசிப்போய்விட்டது. அதிலிருந்து ஊருக்கே கோகிலாவின் வியாதி தொற்றிக்கொண்டது. ஒருவருக்கும் உட்கார முடியவில்லை. கையில் ஒரு பிஸ்கட் கவரை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தார்கள். அடுத்த தடவை பிஸ்கட்டே வாங்காமல் பொரிகடலையைத் துணிப்பையில் வாங்கி வந்தார்கள். கறிக்கடைக்கு மூடி போட்ட தூக்குப்போசியோடு போனார்கள். நாச்சிமுத்து பேப்பர் கப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடி கிளாசுக்குத் திரும்பினார். காய்த்தோலும் பழத்தோலும் சோற்றுக்கஞ்சியும் கொல்லைப்பக்கத்துத் தொட்டிகளில் மண்ணோடு மண்ணாயிற்று. பால் கவரைக் கழுவிக் கொடியில் துணியோடு துணியாகக் காயப்போட்டார்கள். தறிக் கழிவுநூல் மெத்தை தைக்கிறவர்களுக்குப் போயிற்று. மக்குமா மக்காதா, மக்குமா மக்காதா என்று மாமியார் மருமகளையும் மருமகள் மாமியாரையும் கேட்டுக்கேட்டு, சண்டைக்குக் கூட அதுவே விஷயமாயிற்று.

இன்னொரு பக்கம் மண்வெட்டியும் சல்லடையும் கொக்கியும் கொண்டுபோய் மேட்டைக் கிளறினார்கள். கண்ணாடி ஒரு சாக்கு, பிளாஸ்டிக் ஒரு சாக்கு, இரும்பு ஒரு சாக்கு என்று பிரிந்து, பழைய இரும்புக் கடை டெம்போ ஓயாமல் வந்து போயிற்று. யார் எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பூங்கோதையின் நாத்தனார் சீராகக் கொடுத்த ஃபிளாஸ்க் பிரிக்காத அட்டைப்பெட்டியோடு கிடைத்தது. ஆறுச்சாமி ஜெயித்த வருஷம் விநியோகம் பண்ணாமல் கொட்டிய தேர்தல் நோட்டீஸ் கட்டுகள் கட்டாகவே கிடைத்தன. அவர் அதற்கு அப்புறம் மேட்டுப் பக்கமே வரவில்லை, ஆனால் டெம்போவுக்கு டீசல் போட்டார்.

கோகிலா எல்லோருக்கும் முன்னால் போய், எல்லோருக்கும் பின்னால் வந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டு, கருப்புப் பை எங்கே தட்டுப்பட்டாலும் பாய்ந்து போய்த் தானே பிரித்தாள். வேறு யார் கையிலாவது அந்தச் சொம்பு கிடைத்து, யாராவது எழுத்துக்கூட்டிப் படித்து, அது கோயமுத்தூருக்குப் போய், டீச்சரம்மா "பேரையே பொய்யாச் சொன்னவங்க வேற எதைத்தான் பொய்யாச் சொல்லலை" என்று கேட்டுவிட்டால் மகள் கதி என்ன என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சீர் வர வேண்டும், சொம்பு வரக்கூடாது. அம்மா வர வேண்டும், அம்மா வைத்த பேர் வரக்கூடாது. இப்படி ஓர் ஆசை ஒரு பொம்பளைக்கு வரலாமா என்று அவளே அழுதாள், அழுதுகொண்டே தோண்டினாள். சொம்பு கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, ஒரு மத்தியானத்தில் பக்கத்து ஊர் லாரி ஒன்று வந்து, மேட்டுக்கு முன்னால் தொட்டியைத் தூக்க ஆரம்பித்தது. இளைத்து வந்த உடம்பு ஒரே லோடில் மறுபடியும் ஊதிவிடும். வீதியே ஓடிப்போய்க் குறுக்கே நின்றது.

"நான் என்னங்க பண்றது? கொட்டச் சொன்னாங்க, கொட்டறேன்," என்றான் டிரைவர்.

"இது சம்பந்தி ஊடு தம்பி," என்றாள் பூங்கோதை. "கல்யாணத்துக்குக் கெளம்பி நிக்கறாங்க."

டிரைவர் தலையை வெளியே நீட்டி மேட்டைப் பார்த்தான். அது அடக்கமாக, ரோட்டை அடைக்காமல் ஓரமாக நின்றது. அவன் தொட்டியை இறக்கி, வண்டியைப் பின்னால் எடுத்து, "எந்தத் தேதிங்க கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டு போனான். அவன் ஊரில் போய் என்ன சொன்னானோ, அங்கேயும் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்வி.

முகூர்த்தத்தன்று காலையில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தபோது, பந்தலில் எல்லோரும் குனிந்து மணமகளின் காலில் கொலுசு சரியாக இருக்கிறதா என்று பார்த்த நேரத்தில், மேடு வீதிக்குள் நுழைந்துவிட்டது. இப்போது அதில் பை இல்லை, கண்ணாடி இல்லை, புகை இல்லை. வெறும் கறுத்த மண், மழை பெய்து விட்ட வாசம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கூடை மண்ணை விட்டுவிட்டு, பூங்கோதை வீட்டுக் கோலத்தை மிதிக்காமல் சுற்றி, இரண்டு பக்கத்துச் சுவரிலும் ஒரு கீறல் படாமல், விட்டு விட்டு வந்து, பந்தலுக்கு வந்து சேரும்போது ஒரு முறம் கொள்ளுகிற அளவுதான் மிச்சமிருந்தது. கோகிலா ஓடிப்போய் முறத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மேடு அதில் ஏறிச் சீர்த்தட்டுகளின் வரிசையில் முதலாவதாக உட்கார்ந்தது. அதன் உச்சியில், இத்தனை பேர் இத்தனை நாள் தோண்டியும் கிடைக்காத பித்தளைச் சொம்பு, புளி போட்டுத் தேய்த்தாற்போலப் பளபளவென்று இருந்தது.

தாரை வார்க்கத் தண்ணீர் வேண்டும் என்று சடங்கு செய்கிறவர் கேட்டார். கிட்டத்தில் இருந்த ராஜாமணி கையை நீட்டிச் சொம்பை எடுத்தார். டீச்சர் இல்லையா, எழுத்தைக் கண்டால் கண் தானாகப் போய்விடும். கண்ணாடியை மூக்கில் இறக்கி, சத்தமாகப் படித்தார்.

"குப்பாத்தாள். இது ஆருங்க?"

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். நூல்மில் வீதி முழுக்கத் தரையைப் பார்த்தது. மாரப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோகிலாவுக்குக் கால் இரண்டும் ஓடத் துடித்தது; அடுப்படிக்கு ஓடலாம், மாடிக்கு ஓடலாம், எத்தனையோ வருஷமாக ஓடியது போல இன்றைக்கும் ஓடலாம். முறத்தில் இருந்த மண்ணைப் பார்த்தாள். இத்தனை பெரிய உடம்பை இத்தனை சின்னதாக்கிக்கொண்டு அது வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு ஓட மனசு வரவில்லை.

"நாந்தானுங்க," என்றாள். "என்ற பேரு குப்பாத்தாள். கோகிலான்னு நானா வெச்சுக்கிட்டது. இது என்ற பொறந்த ஊடுங்க. எங்கம்மா."

ராஜாமணி சொம்பைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சொம்பைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"நல்ல கனம்," என்றார். "இப்பல்லாம் இந்தக் கனத்துல வர்றதில்லைங்க. தண்ணி புடிச்சுட்டு வாங்க சம்பந்தி, நேரமாகுது."

குப்பாத்தாளின் பேர் வெட்டின சொம்பிலிருந்துதான் தண்ணீர் விழுந்தது. ஹரிணி நிமிர்ந்து முறத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லாம் முடிந்து, சீர் கொண்டுவந்தவர்களை வழியனுப்பும் நேரம் வந்தது. பிறந்த வீட்டு ஆட்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. ஆனால் அந்த அம்மாவுக்கு என்ன கொடுப்பது? குப்பாத்தாள் வீடு முழுக்கத் தேடினாள். எத்தனை வாரமாக மிச்சம் மீதி இல்லாமல் வாழ்ந்து பழகிவிட்டதில், வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு எடுத்த வாழையிலையெல்லாம் அப்போதைக்கப்போதே மாட்டுக்குப் போய்விட்டது. மேசை இழுப்பறையைத் திறந்தாள். கொடுத்தது போக மிஞ்சின பத்திரிகைகள் அங்கே இருந்தன.

வாசற்படியில் உட்கார்ந்து, வழுவழுப்பை உரித்தாள். தங்க எழுத்தை நகத்தால் சுரண்டினாள். "கோ" போயிற்று, "கி" போயிற்று, "லா" கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றது. பூங்கோதை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு அட்டையை எடுத்துத் தானும் சுரண்டினாள். தங்கத் துகள்களையெல்லாம் கூட்டி அள்ளி மக்காத சாக்கில் போட்டார்கள். வெறும் தாளை, நனைத்துக் கிழித்து, குப்பாத்தாள் முறத்தில் வைத்தாள். மேடு அதை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டு, முறத்திலிருந்து இறங்கி, யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் மேற்கே திரும்பியது.

பந்தலுக்குள்ளிருந்து பூங்கோதை கூப்பிட்டாள்: "குப்பாத்தா, கடைசிப் பந்தி போட்டாச்சு. சாப்பிட வா."

"வர்றனுங்க்கா," என்று குப்பாத்தாள் போய், இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.